சுருதியும் ஸ்வரமும்

சங்கீதத்தில் தமக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொள்கிறவர்கள்கூட இரண்டு சங்கீத வார்த்தைகளைத் தாராளமாகப் புழங்குகிறார்கள். கல்யாண வீட்டில் சம்பந்திகள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் சீர்வரிசைக் கணக்கைக் கிளப்பினால், "இதென்ன அபஸ்வரம்!" என்று முகம் சுளிக்கிறோம். காலையில் சவடால் அடித்தவர் மாலையில் அடங்கி உட்கார்ந்திருந்தால், "சுருதி இறங்கிவிட்டது" என்கிறோம். "ஸ்வரம் இறங்கிவிட்டது" என்று யாரும் சொல்வதில்லை. சங்கீத சாஸ்திரம் படிக்காத வாய்க்கும் இந்த இரண்டு வார்த்தைகளும் ஒன்றல்ல என்று தெரிந்திருக்கிறது.

கச்சேரியில் இந்த வித்தியாசம் இன்னும் கறாரானது. மோகன ராகத்தில் மத்திமம் கிடையாது. பாடகர் கைதவறி ஒரு மத்திமத்தைத் தொட்டுவிட்டால், அது தம்பூராவோடு எவ்வளவு அழகாக ஒட்டி நின்றாலும் அபஸ்வரம்தான். அதே மோகனத்தில் அவர் பாட வேண்டிய காந்தாரத்தையே பாடுகிறார், ஆனால் ஒரு மயிரிழை தாழ்த்திப் பாடுகிறார் என்றால் அது அபசுருதி. முதலாவது, தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிடுவது. இரண்டாவது, சரியான வீட்டுக்கே போய் வாசற்படியில் இடறுவது. அபஸ்வரத்தை மன்னித்துவிடுகிற ரஸிகர்கள் உண்டு. யாரோ ஒரு மேதை புதிதாக ஏதோ செய்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அபசுருதியை மட்டும் யாரும் மன்னிப்பதில்லை. ராகத்தின் பெயர் தெரியாத குழந்தைகூடக் காதைப் பொத்திக்கொள்ளும்.

இரண்டும் வடமொழி வார்த்தைகள். 'சுருதி' என்றால் கேட்கப்பட்டது. வேதத்துக்கும் அதனால்தான் அந்தப் பெயர். 'ஸ்வரம்' என்றால் ஒலி. தானே பிரகாசிப்பதால் ஸ்வரம் என்று பழைய சாஸ்திரக்காரர்கள் பதத்தைப் பிரித்துப் பொருள் சொன்னார்கள். சொல்லிலக்கணம் இதை எவ்வளவு தூரம் ஒப்புமோ, கருத்து நன்றாக இருக்கிறது. தமிழில் அதைச் 'சுரம்' என்று எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. சுரம் என்றால் பாலை நிலம். சுரம் என்றால் காய்ச்சல். "வித்வான் சுரம் பாடினார்" என்று எழுதினால் அனுதாபப்படத் தோன்றுகிறது. ஆகையால் இந்தக் கட்டுரையில் ஸ்வரம் என்றே எழுதிவிடுகிறேன்.

இன்று ஒரு பாடகரிடம், "உங்களுக்கு என்ன சுருதி?" என்று கேட்டால், "இரண்டு கட்டை" என்றோ "ஐந்தரை" என்றோ பதில் சொல்வார். அவர் தம் ஸட்ஜத்தை எந்த உயரத்தில் வைத்துக்கொள்கிறார் என்பது அதற்கு அர்த்தம். தம்பூராவை மீட்டினால் எழுகிற ரீங்காரமும் சுருதிதான். பெட்டிக்குச் சுருதிப் பெட்டி என்றே பெயர். மொத்தத்தில், பாட்டு முழுவதற்கும் கீழே விரித்த ஜமக்காளம் மாதிரி அசையாமல் கிடக்கிற அடிப்படை ஒலியைத்தான் நாம் சுருதி என்கிறோம். சுருதி மாதா, லயம் பிதா என்று சொல்கிறபோதும் மனத்தில் இருப்பது இந்தப் பொருள்தான்.

ஆனால் வார்த்தை பிறந்தபோது அதற்கு இந்த அர்த்தம் கிடையாது. ஏறக்குறைய இதற்கு நேர்மாறான ஒன்றுக்குத்தான் அது பெயராக இருந்தது. அன்று அது அசையாத ஒலிக்குப் பெயர் அல்ல. அசைவை அளக்கிற அளவுக்குப் பெயர். ஒரு வார்த்தை இப்படித் தலைகீழாக மாறிய கதை எனக்கு ஒரு நாவல் போலவே படுகிறது. அதில் அரசர்கள் இருக்கிறார்கள், பாறை இருக்கிறது, ஒரு பெரிய வைத்தியர் இருக்கிறார், பிரஞ்சுக்காரன் செய்த பெட்டி ஒன்றும் வருகிறது.

கதை பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் ஆரம்பிக்கிறது. கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டிய சில நூற்றாண்டுகளுக்குள் உருவான நூல் அது. அதில் பரதர் ஒரு பரிசோதனையைச் சொல்கிறார். இரண்டு வீணைகளை எடுத்துக்கொள். இரண்டும் அளவிலும் தந்தியிலும் ஒன்று போல இருக்கட்டும். ஏழு ஸ்வரங்களையும் இரண்டிலும் ஒரே மாதிரி கூட்டிக்கொள் என்கிறார். அந்தக் காலத்து வீணை என்றால் மடியில் வைத்து மெட்டில் விரல் ஓட்டுகிற இன்றைய வீணை அல்ல. வில் போல வளைந்த யாழ் வகை. ஒரு தந்திக்கு ஒரு ஸ்வரம்.

முதல் வீணையைத் தொடவே கூடாது. அது சாட்சி. இரண்டாவது வீணையில் பஞ்சமத் தந்தியை மட்டும் கொஞ்சம், காதுக்குத் தெரிகிற அளவு, தளர்த்த வேண்டும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் ஸட்ஜ கிராமம், மத்திம கிராமம் என்று இரண்டு சேர்ப்பு முறைகள் இருந்தன. இரண்டுக்கும் பஞ்சமத்தில் மட்டும் சிறிய பேதம். அந்தப் பேதம்தான் ஒரு சுருதி. பஞ்சமத்தை அவ்வளவு இறக்கிய பிறகு, மற்ற ஆறு தந்திகளையும் அதற்குத் தக்கபடி இறக்கிச் சரி செய்தால், இரண்டாவது வீணை முழுவதும் முதல் வீணையைவிட ஒரு சுருதி கீழே வந்துவிடும். இரண்டிலும் ஒரே ராகம் வாசிக்கலாம். ஆனால் சேர்த்து வாசித்தால் காது கூசும்.

மறுபடியும் அதே போல ஒரு சுருதி இறக்கச் சொல்கிறார். இப்போது ஓர் அதிசயம் நடக்கிறது. இரண்டாவது வீணையின் காந்தாரம் முதல் வீணையின் ரிஷபத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. நிஷாதம் தைவதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஆக, காந்தாரத்துக்கும் நிஷாதத்துக்கும் இரண்டிரண்டு சுருதி. மூன்றாம் முறை இறக்கினால் ரிஷபமும் தைவதமும் முறையே ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தொடுகின்றன. அவற்றுக்கு மும்மூன்று. நான்காம் முறை இறக்கும்போது மீதி மூன்று ஸ்வரங்களான ஸட்ஜம், மத்திமம், பஞ்சமம் ஆகியவை தங்கள் தங்கள் கீழ்வீட்டு ஸ்வரத்தில் போய்ச் சேர்கின்றன. அவற்றுக்கு நந்நான்கு. கூட்டிப் பாருங்கள்: நாலும் ஆறும் பன்னிரண்டும், 22.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். இத்தனைக்கும் அதில் ஒரு அளவுகோல் கிடையாது. தந்தியின் நீளம் இவ்வளவு விரற்கடை என்று இல்லை. வினாடிக்கு இத்தனை அதிர்வு என்ற பேச்சுக்கே அன்று இடமில்லை. தந்தியை இறக்கிக்கொண்டே வருகிறவன், இரண்டு ஒலிகள் ஒன்றாகிவிட்ட கணத்தில் நிறுத்துகிறான். அந்தக் கணம் வந்துவிட்டது என்று யார் சொல்வது? காது சொல்கிறது. கேட்கப்பட்டது என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு இருக்க முடியாது.

ஆகவே பரதர் காலத்து அர்த்தம் இது: ஸ்வரம் ஒரு வீடு, சுருதி ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் உள்ள தூரத்தை அளக்கும் அடி. தனியாக ஒரு சுருதியைப் பாடிக் காட்ட முடியாது. இரண்டு ஸ்வரம் இருந்தால்தான் நடுவில் சுருதி இருக்கும்.

தமிழ்நாட்டில் இதே விஷயத்துக்குத் தனிப் பெயர்கள் வழங்கின. ஸ்வரத்துக்கு 'நரம்பு' என்றே பெயர். யாழில் கட்டிய நரம்புதான் பாட்டின் ஸ்வரமும் ஆயிற்று. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு நரம்புகள். சுருதிக்கு 'அலகு' அல்லது 'மாத்திரை' என்று பெயர். சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு டாக்டர் சாமிநாதையர் 1892-ஆம் வருஷம் பதிப்பித்திராவிட்டால் இந்தச் செய்திகளில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திராது. பழைய உரைகளில் சொல்லியிருக்கும் கணக்குப்படி குரல் முதல் தாரம் வரை முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 அலகுகள். கூட்டினால் இங்கேயும் 22!

பரதரின் வரிசையோ ஸட்ஜத்திலிருந்து 4, 3, 2, 4, 4, 3, 2. இரண்டும் வேறு வேறாகத் தோன்றுகின்றன. ஆனால் பரதரின் வரிசையை மத்திமத்திலிருந்து எண்ணத் தொடங்கிச் சுற்றி வாருங்கள்: 4, 4, 3, 2, 4, 3, 2. இம்மி பிசகாமல் தமிழ்க் கணக்கு. இதைப் பார்த்துக் குரல் என்பது மத்திமம்தான் என்று சொன்னவர்கள் உண்டு. இல்லை, ஸட்ஜமேதான் என்று அடித்துப் பேசியவர்களும் உண்டு. யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்று கேட்டுச் சண்டை போட்டவர்களுக்கும் குறைவில்லை. எனக்கு அந்தச் சண்டையில் ருசி கிடையாது. யாழுக்கு நரம்பு கட்டியவர்கள் எந்த ஊரில் இருந்தாலும், காதை நம்பிக் கட்டினால் ஒரே இடத்தில்தானே வந்து நிற்க வேண்டும்?

புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், மேலைக்கோவில் என்ற குடைவரைக்குப் பக்கத்தில், பாறையில் ஒரு சங்கீதக் கல்வெட்டு இருக்கிறது. எழுத்தின் அமைப்பைக் கொண்டு ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். ருத்ராசாரியர் என்பவரின் சீடனும் சிவபக்தனுமான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தன் பெயரை மட்டும் அவன் போட்டுக்கொள்ளவில்லை. இந்தக் காலத்து எழுத்தாளனுக்கு நம்ப முடியாத அடக்கம்! பாறை முழுவதும் ஸ்வரங்கள், நந்நான்காகக் கோத்த பூச்சரம் போல. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு ஸ்வரமும் நாலு உருவத்தில் வருகிறது. ரிஷபம் என்றால் ர, ரி, ரு, ரெ. காந்தாரம் என்றால் க, கி, கு, கெ. ஸ்வரத்தின் பெயர் மெய்யெழுத்தில் இருக்கிறது. ஒட்டிக்கொண்ட உயிரெழுத்து வேறு எதையோ சொல்லுகிறது. சுருதி பேதத்தைத்தான் சொல்லுகிறது என்று ஒரு கட்சி. வீணையில் தந்தியை மீட்டும் விதத்தைச் சொல்லுகிறது என்று மற்றொரு கட்சி. நான் அந்தப் பாறைக்கு எதிரே உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்கிறேன். ஆடு மேய்க்க வந்த பையன் ஒருவன் நின்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். எது எப்படியானாலும், ஸ்வரத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, அதற்குள் இருக்கும் நுட்பத்தையும் எழுத வேண்டும் என்று ஒரு மனிதன் கல்லோடு மல்லாடியிருக்கிறான் என்பது எனக்கு நிச்சயம்.

அவ்வளவு பிரமாதமாக வாழ்ந்த வார்த்தை ஏன் தன் வேலையை இழந்தது? இதற்குக் காரணம் வாத்தியங்களிலே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

யாழ் இருந்த காலத்தில் ஒரு பண்ணிலிருந்து இன்னொரு பண்ணுக்குப் போக வழி, ஆரம்பத்தை மாற்றுவதுதான். குரலை முதலாக வைத்து வாசித்தால் ஒரு பாலை; துத்தத்தை முதலாக வைத்து அதே நரம்புகளை வாசித்தால் வேறொரு பாலை. இதைப் பாலை திரிதல் என்றார்கள். வடமொழியில் மூர்ச்சனை. இன்றைக்கும் வித்வான்கள் எப்போதாவது இதைச் செய்து காட்டிக் கைதட்டல் வாங்குவதுண்டு. மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் மத்தியமாவதி. காந்தாரத்தை ஸட்ஜமாக்கினால் ஹிந்தோளம். பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி. ஜி. என். பாலசுப்பிரமணியம் இதில் பேர் போனவர். இப்படி வீடு மாறிக்கொண்டே இருக்கிற சங்கீதத்துக்கு, வீட்டுக்கு வீடு உள்ள தூரம் மிகவும் முக்கியம். எத்தனை அடி என்று தெரியாமல் குடிபோக முடியாது. அலகும் சுருதியும் அன்று பண்டிதர்களின் பொழுதுபோக்கு அல்ல. நரம்பு கட்டுகிறவனின் தினசரித் தேவை.

பிறகு யாழ் போயிற்று. கழுத்து நீண்ட, மெட்டு வைத்த வீணை வந்தது. மெட்டுகளை மெழுகில் பதித்துவிட்டால், வீட்டுக்கு வீடு எவ்வளவு தூரம் என்று வாசிக்கிறவன் அளக்க வேண்டியதில்லை. வீணை செய்கிறவனும் மேளம் வைக்கிறவனும் அளந்து வைத்துவிடுகிறார்கள். விஜயநகர ராஜ்யத்தில் ராமாமாத்தியர் 1550-இல் ஸ்வரமேளகலாநிதி என்ற நூலை எழுதினபோது வீணையின் மெட்டுகளை வைத்துத்தான் ஸ்வரங்களுக்கு விவரம் சொல்கிறார். தஞ்சாவூர் நாயக்கர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டில், வேங்கடமகி ஸ்தாயிக்குப் பன்னிரண்டு இடங்களை வைத்துக்கொண்டே 72 மேளங்களைக் கணக்குப் போட்டுவிட்டார். தஞ்சாவூர் வீணைக்கு 24 மெட்டு. இரண்டு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாக. இருபத்திரண்டுக்கு அங்கே இடமே இல்லை. நூலாசிரியர்கள் மரியாதைக்கு 22 சுருதிகளை முதல் அத்தியாயத்தில் உட்கார்த்திவைத்து, சந்தனம் கொடுத்து, அப்புறம் அவற்றைக் கவனிக்காமல் தங்கள் காரியத்தைப் பார்த்தார்கள்.

அதே நூற்றாண்டுகளில்தான் தம்பூராவும் தோளோடு தோளாக வந்து சேர்ந்தது. பஞ்சமம், ஸட்ஜம், மறுபடி ஸட்ஜம், மந்தர ஸட்ஜம் என்று நாலு தந்தி. குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு துண்டு நூலைச் சொருகி முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓர் இடத்தில் தந்தி திடீரென்று உயிர் பெற்றுக் குளவி மாதிரி ரீங்காரம் செய்யும். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். தம்பூரா வந்த பிறகு ஸட்ஜம் அசையவே முடியாது. ராகம் எதுவானாலும் அதே ஸட்ஜம், அதே பஞ்சமம். ஆரம்பத்தை மாற்றிப் பாலை திரிக்கிற வழக்கம் போய், அசையாத ஸட்ஜத்தின்மேல் மற்ற ஸ்வரங்களை மாற்றி வைக்கிற வழக்கம் நிலைத்தது. இப்போது பாடகன் தன் ஸ்வரத்தை எதோடு ஒட்டிப் பார்க்கிறான்? பக்கத்து ஸ்வரத்தோடு அல்ல, தம்பூராவோடு. காது எங்கே சாய்ந்திருக்கிறதோ அதற்குத்தானே 'கேட்கப்பட்டது' என்ற பெயர் பொருந்தும்? வேலை போன வார்த்தை வேறு வேலைக்குப் போய்ச் சேர்ந்தது. இதை நான் வீழ்ச்சி என்று நினைக்கவில்லை.

ஆனால் இந்த மாற்றத்தை யாரும் கெஜட்டில் போட்டு அறிவிக்கவில்லை. அதனால் விளைந்த குழப்பம் ஒரு பெரிய மனிதரின் வாழ்நாளைத் தின்றுவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆபிரகாம் பண்டிதர் 1859-இல் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். தஞ்சாவூரில் குடியேறிச் சித்த வைத்தியத்தில் பேரும் பொருளும் சம்பாதித்தார். வைத்தியத்தில் வந்த பணத்தைச் சங்கீதத்தில் கொட்டினார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி, வித்வான்களைத் தஞ்சாவூருக்கு அழைத்து மகாநாடு மகாநாடாக நடத்தினார். அவர் விடை காண விரும்பிய கேள்வி ஒன்றே: ஒரு ஸ்தாயியில் சுருதிகள் எத்தனை? இருபத்திரண்டு என்று சாரங்கதேவர் முதலானோர் சொன்னது பிழை; பழந்தமிழர் கண்டது சமமான 24 என்பது அவர் முடிவு. சிலப்பதிகாரத்து வட்டப்பாலையில் பன்னிரண்டு ராசி வீடுகள் இருக்கின்றன. வீட்டுக்கு இரண்டு அலகு, ஆக 24. உரைகளில் 22 என்று வருவது இரண்டு அலகை மறைத்துச் சொன்ன கணக்கு என்று வாதித்தார்.

1916-இல் பரோடா மகாராஜா சயாஜிராவ் ஆதரவில் முதலாவது அகில இந்திய சங்கீத மகாநாடு நடந்தது. பண்டிதர் தம் குமாரத்திகளை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனார். அந்தப் பெண்கள் வீணையில் வாசித்துக் காட்ட, அவர் தம் கணக்கை விளக்கினார். எதிர்க்கட்சியும் சும்மா இருக்கவில்லை. தேவல் என்பவரும், கிளெமெண்ட்ஸ் என்ற ஐ. சி. எஸ். உத்தியோகஸ்தரும் 22 சுருதிகளுக்கென்றே ஒரு விசேஷ ஹார்மோனியத்தைத் தயாரித்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பெருக்கல் வகுத்தல்; இன்னொரு பக்கம் துருத்தி வைத்த பெட்டி. இரண்டு கட்சியும் அளந்துகொண்டிருந்த அந்தச் சுருதி பல நூறு வருஷங்களுக்கு முன்பே பாட்டுக்காரர்களின் பேச்சிலிருந்து விடைபெற்றுப் போயிருந்தது. கச்சேரிக்குப் போகும் வித்வானைக் கேட்டிருந்தால், "சுருதியா? தம்பூரா உள்ளே இருக்கிறது, எடுத்து வரச் சொல்லட்டுமா?" என்றுதான் கேட்டிருப்பார்.

அடுத்த வருஷம், 1917-இல், ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரத்தைப் பண்டிதர் தம் சொந்த அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். 1919-இல் காலமானார். அந்த நூலில் எண்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. புரட்டிப் பார்த்தால் கண் இருட்டும். இருபத்திநாலு என்ற விடையை நான் ஏற்கவில்லை. ஸ்தாயியைச் சம பாகமாக வெட்டும் யோசனைக்கு யாழைவிட ஹார்மோனியமே கிட்டத்து உறவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும், தமிழ் நூல்களில் ஒரு பெரிய சங்கீத சாஸ்திரம் புதைந்து கிடக்கிறது என்று தமிழ் படித்தவர்களே நம்பாத காலத்தில், கைக்காசைப் போட்டு அந்த மண்ணைத் தோண்டினவர் அவர். விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ் நூல் 22 அலகுக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் பண்டிதர் தோண்டிய பாதை இல்லாமல் அந்த நூலுக்கு வாசகர் கிடைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ஹார்மோனியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரிஸில் பிறந்து, பாதிரிமார்களோடு கப்பலேறி, கல்கத்தாவில் கையால் துருத்தி போடும் உருவம் பெற்று, நம் நாடக மேடைகளுக்கு வந்து சேர்ந்தது அது. ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமானால் குரல் உச்சத்தில் நிற்க வேண்டும். கிட்டப்பாவைப் போன்றவர்களின் குரலுக்கு ஈடுகொடுக்க அந்தப் பெட்டியால்தான் முடிந்தது. பெட்டியின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை என்று பெயர். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. ஏழுக்கு அடுத்தும் கிடையாது. ஆகையால் மூன்றரைக் கட்டைச் சுருதியும் ஏழரைக் கட்டைச் சுருதியும் உலகத்தில் இல்லை. ஏழரை இல்லாதது நல்லதுதான். பாடகர்களுக்கு இருக்கிற ஏழரைகள் போதாதா?

பரதர் காதால் அளந்ததை நாம் கட்டையால் எண்ணத் தொடங்கிவிட்டோம். பிறகு ஒருநாள், 1940-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் முதல், அகில இந்திய ரேடியோ ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. அதன் ஸ்வரங்கள் அசையாதவை, கமகம் பேசாதவை என்பது குற்றச்சாட்டு. தாகூருக்கும் அந்தப் பெட்டியைக் கண்டால் ஆகாது. அந்தத் தடை 1971 வரை தளரவில்லை. அதனால் எத்தனை ஹார்மோனியக்காரர்களின் அடுப்பு அணைந்தது என்பதைச் சங்கீத சரித்திரக்காரர்கள் எழுதுவதில்லை. அதே முப்பது வருஷமும் ரேடியோவில் பாடுகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெட்டியை வெளியே தள்ளியாயிற்று. பெட்டியின் வார்த்தை உள்ளேயே தங்கிவிட்டது.

குற்றச்சாட்டு பொய்யல்ல. தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். தோடிக்கும் பைரவிக்கும் காந்தாரம் ஒன்றே, சாதாரண காந்தாரம். வீணையில் அதே மெட்டு. ஹார்மோனியத்தில் அதே கட்டை. ஆனால் பைரவியின் காந்தாரத்தைத் தோடியில் வைத்துப் பாடினால் குருநாதர் எழுந்து போய்விடுவார். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதில்லை. கீழே தோய்ந்து, மேலே எழும்பி, ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. பேகடாவின் நிஷாதமும் அப்படித்தான், தனக்கென்று ஓர் இருப்பிடம் வைத்துக்கொண்டிருக்கிறது. ஸ்வரத்தின் பெயர் ஒன்று, எழுதினால் எழுத்து ஒன்று, கேட்டால் வேறு. ஏட்டில் ஸ்வரப்படுத்தி எழுதியதைப் பார்த்துப் பாட்டுக் கற்றுக்கொண்டவர்கள் தோடியில் மாட்டிக்கொண்டு விழிப்பது இதனால்தான். அந்த 'வேறு' என்பது எதுவோ அதற்குத்தான் பழைய நாளில் சுருதி என்று பெயர். இன்று அதற்குப் பெயர் இல்லை. கமகம் என்கிறோம், பிடி என்கிறோம், பாடாந்தரம் என்கிறோம். பெயர் இல்லாவிட்டாலும், குரு பாடச் சிஷ்யன் கேட்டு, இல்லை, மறுபடி பாடு என்று சொல்லப்பட்டு, மறுபடி கேட்டு அது கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்தக் காலத்தில் பாடகரின் குரலைக் கம்பியூட்டரில் கோடாக வரைந்து பார்க்கிறார்கள். நானும் அப்படி ஒரு படத்தைப் பார்த்தேன். தோடியின் காந்தாரம் அதில் மலையும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு கோடுகள் போட்டுப் பார்த்தாலும் இருபத்திநாலு கோடுகள் போட்டுப் பார்த்தாலும் அது எந்தக் கோட்டிலும் குடியிருக்கவில்லை. எல்லாவற்றையும் உரசிக்கொண்டு போயிற்று. பண்டிதர் இதைப் பார்த்திருந்தால் சோர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டார். தஞ்சாவூரில் இன்னொரு மகாநாடு கூட்டியிருப்பார்.

வடமொழி வார்த்தை தம்பூராவுக்குக் குடிபோவதற்கு முன்பும் பின்பும், நாதஸ்வரக்காரர்கள் தங்கள் அடிப்படை ஒலிக்கு ஒரு நல்ல தமிழ் வார்த்தையை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒத்து. நாதஸ்வரத்தைப் போன்ற நீண்ட குழல்தான். ஸ்வரம் வாசிக்கத் துளைகள் இல்லை. கீழே உள்ள சில துவாரங்களில் மெழுகை வைத்துச் சரி செய்து, ஒரே ஒலியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒத்துக்காரர் மூச்சை மூக்கால் இழுத்துக் கன்னத்தில் தேக்கி, ஸ்வாமி நாலு வீதியும் சுற்றி வரும்வரை அந்த ஒரே ஒலியை அறுந்துபோகாமல் ஊத வேண்டும். பெரும்பாலும் அவர் கற்றுக்கொள்ள வந்த பையனாக இருப்பார், அல்லது வயதாகிப் பல் தளர்ந்த உறவினராக இருப்பார். ராத்திரி முழுவதும் மல்லாரியும் ராகமும் பல்லவியும் அவர் காதுக்கு ஒரு முழம் தள்ளி நடந்துகொண்டிருக்கும். பையனாக இருந்தால் அதுதான் அவனுக்குப் பாடம். சுருதிப் பெட்டி வந்த பிறகு ஒத்துக்குக் கிராக்கி போயிற்று. 1970-களின் கடைசியில் மின்சாரச் சுருதிப் பெட்டியும் வந்துவிட்டது. மூச்சு வாங்காது, பல் விழாது, பங்கு கேட்காது. "அவன் என்ன, இவனுக்கு ஒத்து ஊதுகிறவன்தானே" என்று நாம் அலட்சியமாகச் சொல்லுகிற பேச்சில் மட்டும் அந்த மனிதர் இன்னும் நின்று ஊதிக்கொண்டிருக்கிறார்.